வித்தைக்காரன் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம். நெஞ்சில் நிற்கும் நேர்மையும் நாணயம். முன்னது சேரச் சேரப் பின்னது கரைவதையும், பின்னதைக் காத்து நிற்பவரிடம் முன்னது தங்க மறுப்பதையும் நாடு நாள்தோறும் காண்கிறது. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் ஏந்தி வாழ்ந்த ஒருவரை நான் அறிவேன். அவர் அரசரல்லர், அறிஞரென்று ஊர் போற்றியவரும் அல்லர். வாரச் சந்தையில், புளியமரத்தடியில், கோணிச் சாக்கை விரித்து, மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, வேடிக்கை காட்டி வயிறு வளர்த்த வித்தைக்காரர்!

"ஊரை ஏமாற்றிப் பிழைத்தவரிடமா நாணயத்தைக் கண்டீர்?" என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே, அவரிடம்தான் கண்டேன். ஆட்டத்தைத் தொடங்குமுன் அவர் உரக்கச் சொல்வார்: "ஐயாமாரே, அம்மாமாரே! இது மந்திரமில்லை, மாயமில்லை. கை வேகம், கண் மயக்கம்; எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்குத்தான்!" ஏமாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஏமாற்றியவர் அவர். எண்ணிப் பாருங்கள், இப்படி அறிவித்துவிட்டுத் தொழில் தொடங்குவோர் நாட்டில் எத்தனை பேர்?

வித்தை ஒன்று, விளைவு இரண்டு. ஒருவன் காற்றில் கைவீசி ஒரு ரூபாயை எடுத்துக் காட்டி, "பாருங்கள் என் பயிற்சியை!" என்கிறான், நாம் கைதட்டுகிறோம். மற்றொருவன் அதே காற்றில், அதே கையை, அதே முறையில் வீசி, ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டி, "பாருங்கள் என் அருளை!" என்கிறான், நாம் கைகூப்புகிறோம். கைதட்டுவதற்கும் கைகூப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாடு விரலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் நாணயம் நிற்கிறது, அல்லது நழுவுகிறது.

செப்பிடு வித்தை என்று நம் முன்னோர் இக்கலைக்குப் பெயரிட்டனர். மக்கள் நாவில் அது செப்படி வித்தை ஆயிற்று. செப்பு என்றால் சிமிழ், சிறு கிண்ணம். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பந்தை ஒளித்துக் காட்டும் ஆட்டத்திலிருந்து பிறந்த பெயர். மேடை இல்லை, திரை இல்லை, வண்ண விளக்கு இல்லை. காட்டுபவர் விரலுக்கும் காண்பவர் விழிக்கும் இடையே இரண்டு முழந்தான் இடைவெளி. நாணயம், சீட்டுக்கட்டு, கயிறு, மோதிரம், எலுமிச்சம்பழம் என வீட்டில் கிடக்கும் பொருள்களே கருவிகள். இவ்வளவு அருகில் நின்றும் நாம் ஏமாறுகிறோம் என்பதுதான் இக்கலையின் வியப்பு.

இது நம் சந்தைக்கு மட்டும் உரிய கலையன்று. ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செனெக்கா என்னும் மெய்யியல் அறிஞர், கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு ஆடும் வித்தைக்காரர்களைத் தம் மடல் ஒன்றில் குறிப்பிடுகிறார். அந்த ஏமாற்றில் தீங்கில்லை, ஏமாறுவதிலேதான் இன்பம், செய்முறை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது அவர் கருத்து. பெரியவர் கருத்தில் பாதியை ஏற்கிறேன். தெரிந்தபின் பழைய சுவை போவது மெய்தான். ஆனால், போன சுவை இருந்த இடத்தில் புதிய சுவை ஒன்று வந்து அமர்கிறது. அதுவரை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாம், அதன்பின் நம் மனத்தையே பார்க்கத் தொடங்குகிறோம். அச்சுவையை எனக்கு ஊட்டியவர் அந்தப் புளியமரத்தடிப் பெரியவர்.

கல்லூரி விடுமுறையில் சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போவேன். ஆட்டம் முடிந்து அவர் சாக்கைச் சுருட்டும்வரை காத்திருந்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்பேன். பல வாரம் சிரித்து மழுப்பியவர், ஒருநாள் மனமிரங்கி ஒன்றே ஒன்றைக் கற்றுத் தந்தார். ஒரு ரூபாய் நாணயத்தை மறையச் செய்யும் வித்தை.

நாணயம் வலக்கையில், விரல்களின் அடிப்பகுதியில் கிடக்கும். அதை இடக்கையில் போடுவதுபோல் வலக்கையைக் கவிழ்க்க வேண்டும், ஆனால் போடக்கூடாது. நடுவிரலும் மோதிர விரலும் சற்றே மடங்கி நாணயத்தைப் பற்றிக்கொள்ளும். இடக்கையோ, வாங்கிக்கொண்டதுபோல் மூடிக்கொள்ளும். வலக்கை, வேலை முடிந்த கைபோல் இயல்பாகத் தொங்கும். இடக்கையை ஊதித் திறந்தால் வெறுங்கை! எழுதினால் ஐந்து வரி. பழகினால் ஐந்து மாதம். இரவெல்லாம் வீட்டுத் தரையில் காசு விழுந்து உருளும். "படிக்கிற பிள்ளை இப்படிக் காசை உருட்டினால் குடும்பம் உருப்பட்ட மாதிரிதான்" என்பார் என் அம்மா.

கை பழகியபின் கண்ணைப் பழக்கினார் பெரியவர். "தம்பி, களவுப் பொருள் இருக்கிற பக்கமே கள்ளன் பார்த்தால் ஊரும் அந்தப் பக்கந்தானே பார்க்கும்? காசு இடக்கையில் இருக்கிறதென்று முதலில் நீ நம்பு. உன் கண் அங்கே போகட்டும். நீ பார்க்கும் இடத்தைத்தான் ஊர் பார்க்கும்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "எவன் வித்தை காட்டினாலும் ஒன்றை மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொள். மறு கை எங்கே?"

பள்ளிப் படிப்பில்லாத அந்த மனிதர் சொன்னதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ச்சிக்கூடமும் சொல்லிற்று. 2006ஆம் ஆண்டில் கஸ்டவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். வித்தைக்காரர் ஒருவர் சிறு பந்தை இருமுறை மேலே வீசிப் பிடிக்கிறார். மூன்றாம் முறை வீசுவதுபோல் கையை மட்டும் அசைக்கிறார், பந்து உள்ளங்கையிலேயே ஒளிந்துகொள்கிறது. பார்த்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், பந்து மேலே பறந்து மறைந்ததைக் கண்டதாகவே கூறினர். பறக்காத பந்தை! அவர்களுடைய விழியசைவைக் கருவி கொண்டு அளந்தபோது, பெரும்பாலோர் விழி அந்த மேலிடத்துக்குப் போகவேயில்லை. வித்தைக்காரரின் முகத்திலேயே நின்றிருந்தது. அவர் மேலே நோக்காமல் தம் கையையே நோக்கியபோது, மயங்கியவர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கண் ஏமாறவில்லை, கருத்துதான் ஏமாந்தது. அவர் பார்த்த இடத்தை நாம் நம்பினோம். நம்பியதைக் கண்டோம் என்றோம்.

"என் கண்ணால் கண்டேன்" என்று சத்தியம் செய்வோர் எல்லாரும் பொய்யர் அல்லர் என்பதை இச்சோதனை எனக்கு உணர்த்தியது. காற்றிலிருந்து திருநீறு வந்ததைக் கண்டேன் என்பவர் மெய்யாகவே கண்டவர். ஆனால் காணாததைக் கண்டவர். அவரைப் பொய்யர் என்று ஏசினால் சண்டைதான் வளரும். அவருக்குத் தெளிவு தர வேண்டுமானால், அவர் கண் எங்கே இருந்தது என்பதைக் காட்ட வேண்டும்.

நாணயம் கண்ணைப் பற்றிக் கற்பிக்கிறது என்றால், தேர்வைப் பற்றிக் கற்பிக்கும் வித்தை ஒன்றும் உண்டு. மேசைமேல் ஒரு சாவி, ஒரு பேனா. உங்களிடம் சாவிதான் வந்து சேர வேண்டும் என்பது வித்தைக்காரன் திட்டம். "இரண்டில் ஒன்றை எடுங்கள்" என்கிறான். நீங்கள் சாவியை எடுத்தால், "அதுவே உங்கள் தேர்வு, வைத்துக்கொள்ளுங்கள்" என்பான். பேனாவை எடுத்தால், "நல்லது, அதை ஒதுக்கிவிட்டீர்கள்; எஞ்சியது சாவி" என்பான். எதை எடுத்தாலும் சாவிதான்! எடுப்பது வைத்துக்கொள்வதற்கா, ஒதுக்குவதற்கா என்பதை நீங்கள் எடுத்த பிறகுதான் அவன் தீர்மானிக்கிறான். ஆனால் வீட்டுக்குப் போய், "நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்று அடித்துப் பேசுபவர் நீங்களே.

பரிகாரம் செய்தால் நோய் தீரும் என்கிறார் ஒருவர். தீர்ந்தால் பரிகாரத்தின் பெருமை. தீராவிட்டால், செய்த முறையில் பிழை, செய்தவர் மனத்தில் குறை. எதை எடுத்தாலும் சாவிதான்! முடிவு தெரிந்த பிறகு விதி எழுதும் எவரிடமும் எந்தச் சோதனையும் செல்லாது. ஆதலால், எது நடந்தால் உங்கள் கூற்று பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முதலிலேயே கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சீட்டுக்கட்டு இன்னொரு பாடம் தருகிறது. திருவிழாக் கூட்டத்திலும் பேருந்து நிலையத்து ஓரத்திலும், "வை ராஜா வை!" என்று குரல் கேட்கும். மூன்று சீட்டு, அவற்றுள் ஒன்று ராணி. ஆடுபவன் ஒரு கையில் இரண்டு சீட்டைப் பிடித்திருப்பான்; கீழ்ச் சீட்டை வீழ்த்துவதுபோல் தோன்றும், விழுவதோ மேல் சீட்டு. ஆனால் அந்த விரல் வேலை பாதிதான். மீதிப் பாதி சுற்றி நிற்பவர்களிடம் இருக்கிறது. நமக்கு முன்னால் ஒருவன் பணம் வைத்து வெல்கிறானே, அவன் ஆடுபவனின் ஆள். "அண்ணே, ராணி அந்த ஓரத்தில்" என்று நம் காதில் கிசுகிசுப்பவனும் அவன் ஆளே. அருள் பெற்றேன், நோய் தீர்ந்தேன், பொருள் சேர்ந்தது என்று முதல் வரிசையில் நின்று முழங்குவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டாட்டம் நினைவுக்கு வரும். சாட்சி சொல்பவர் யாருடைய ஆள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

இவையெல்லாம் வேடிக்கை என்ற அளவில் நின்றால் ஒரு கட்டுரைக்குத் தேவையே இராது. வேடிக்கை வினையானதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கணவரை இழந்தவர், ஒரே ஒரு கைத்தறியை நம்பிக் குடும்பம் நடத்தியவர். ஒன்பது வயது மகன் திடீர் திடீரென விழுவான். கை கால் வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். "செய்வினை" என்றது தெரு. செய்வினை எடுப்பதில் வல்லவர் என்று ஒருவர் அழைத்து வரப்பட்டார். பையன் தலையைச் சுற்றிய எலுமிச்சம்பழத்தை அவர் கத்தியால் அறுத்ததும் சிவப்பு வழிந்தது. பெண்கள் அலறினர். பிறகு வாசற்படிக்குக் கீழே மண்ணைத் தோண்டினார். தோண்டிய குழிக்குள் கைவிட்டுத் துழாவி, கூந்தல் மயிர் சுற்றிய ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் காட்டினார். "தெற்குத் தெருவில் இருக்கிறாள் உன் உறவுக்காரி, ஏவியவள் அவளே" என்றார். தெற்குத் தெருவில் இருந்தவர் அக்காவின் நாத்தனார். வரும் அமாவாசையன்று ஏவலைத் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பெருந்தொகை வேண்டும். காதிலிருந்த கம்மல் அன்றே அடகுக் கடைக்குப் போயிருந்தது. அடுத்து விற்பதற்கு இருந்தது தறி ஒன்றுதான்.

நான் அந்த வாசலில் நின்றிருந்தேன். எல்லாரும் குழியைப் பார்த்தபோது நான் மறு கையைப் பார்த்தேன். தோண்டுவதற்கு முன் இடுப்புத் துண்டைச் சரிசெய்த கை அது. விரல்கள் இயல்பாக விரியாமல், நடுவிரலும் மோதிர விரலும் சற்றே மடங்கி, எனக்கு நன்கு அறிமுகமான கோலத்தில் இருந்தன. அங்கேயே கூச்சலிட்டிருக்கலாம். கூச்சலிட்டிருந்தால், "சாமியைப் பழித்தான், அதனால்தான் பலிக்கவில்லை" என்று கதை முடிந்திருக்கும், அவருக்கு மற்றொரு சாவி கிடைத்திருக்கும்.

அன்று இரவு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக் கத்தியில், அவர் வீட்டுச் செம்பருத்திப் பூவைக் கசக்கித் தேய்த்துக் காயவைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்தேன், சிவந்தது. செம்பருத்திச் சாற்றில் புளிப்புப் பட்டால் சிவக்கும். "ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே அக்கா, அதில் யாருடைய இரத்தம்?" என்று கேட்டேன். பிறகு, அவரே கழுவிக் கவிழ்த்த பானையில் அவரையே அரிசி கொட்டச் சொன்னேன். அரிசிக்குள் கைவிட்டு மடித்த தகரத் தகடு ஒன்றை எடுத்தேன். அவர் திகைத்தார். மீண்டும் ஒருமுறை, மெதுவாக, உள்ளங்கையைக் காட்டியபடியே செய்தேன். மூன்றாம் முறை அவர் கையிலேயே தகட்டைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன்.

அவர் என்னைப் பாராட்டவில்லை. நெடுநேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் என் பிள்ளைக்கு என்ன, தம்பி?"

தோழர்களே, நம் மேடைகள் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி அது. தகடு பொய் என்று காட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். பொய்யைப் பிடுங்கிய இடத்தில் மெய்யை நட வேண்டாமா? அவர் பணம் கொடுத்தது தகட்டுக்காக அன்று; நம்பிக்கைக்காக. அவர் பிள்ளையின் துன்பத்துக்கு ஒரு பெயர் சொல்ல, ஒரு வழி காட்ட, வாசல் தேடி வந்தவர் அந்த எத்தர் ஒருவரே!

மறுநாள் விடியலில் முதல் பேருந்தில் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். அக்கா, பையன், நான். அக்கா தாமே போய் அழைத்து வந்த நாத்தனார். அது வலிப்பு நோய், மூளையில் நிகழும் மின்னோட்டக் கோளாறு, யாரும் ஏவியதன்று, யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்றார். உரிய சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளுள் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்தப் பிள்ளைக்கும் சில மாதங்களில் வலிப்பு குறைந்து, பின்னர் நின்றது. அமாவாசையன்று வந்த மந்திரவாதியிடம் அக்கா வாசலிலேயே சொன்னாராம்: "தோண்டுகிற கை இருக்கட்டும் சாமி, அந்த மறு கையைக் கொஞ்சம் விரித்துக் காட்டுங்கள்." விரித்துக் காட்ட அவருக்கு நேரமில்லை. தறி வீட்டிலேயே இருந்தது.

"எங்கோ ஒரு சிற்றூரில் நடந்த சிறு செய்தி" என்று தள்ளாதீர்கள். உறவுக்காரி ஏவினாள் என்ற ஒரு சொல்லுக்காக ஐரோப்பாவில் ஆயிரமாயிரம் பேர், பெரும்பாலும் ஏழைக் கிழவியர், சூனியக்காரிகள் என்று தூக்கிலும் தீயிலும் மாண்டனர். அந்தக் கொடுமை நடந்த காலத்தில், 1584ஆம் ஆண்டில், ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் சூனியத்தின் பொய்யை விளக்கி ஒரு நூல் எழுதினார். நாணயத்தை மறைப்பது எப்படி, சீட்டை மாற்றுவது எப்படி, உடலில் கத்தி பாய்ந்ததுபோல் காட்டுவது எப்படி என்று அந்நூலில் விளக்கினார். கிழவியரைத் தூக்குக் கயிற்றிலிருந்து காக்க எழுதிய நூலில் காசு வித்தைக்கு என்ன வேலை? விரலால் முடிவதற்குப் பேயின் துணை வேண்டியதில்லை என்று மெய்ப்பிக்கும் வேலை! வேடிக்கை என்று ஒப்புக்கொண்டு காட்டும் வித்தையில் குற்றமில்லை என்றும் அவர் கருதினார். பின்னாளில் இங்கிலாந்தின் அரியணையும் ஏறிய ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ், 1597இல் தாம் வெளியிட்ட பேயியல் நூலின் முன்னுரையிலேயே ஸ்காட்டைக் கண்டித்தார். உள்ளங்கையைத் திறந்து காட்டிய ஒருவர்மேல் ஒரு மன்னருக்குச் சினம்!

வித்தைக்காரர் அனைவரும் நாணயமானவர் என்றும் சொல்லிவிட முடியாது. 1856ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, ராபேர் ஊதேன் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அந்நாட்டு மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த சமயத் தலைவர்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் ஆற்றல் பெரிது என்று காட்டுவதே நோக்கம். ஒரு சிறு பெட்டி. வலிமை மிக்க ஆடவனும் அதை அசைக்க முடியவில்லை. அடியில் இருந்தது மின்காந்தம். அவன் வலிமையைத் தாமே பறித்துவிட்டதாக ஊதேன் நடித்தார். அடிமைப்பட்ட மக்களை அஞ்ச வைக்க ஆதிக்கம் வாங்கிய வித்தை அது. சாமியார் கையில் இருந்தாலும், சர்க்கார் கையில் இருந்தாலும், ஒளித்துவைத்த காந்தம் ஒளித்துவைத்த காந்தந்தான்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்ற இறுமாப்பும் வேண்டா. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மனத்தின் ஆற்றலால் கரண்டியை வளைக்க முடியுமா என்று ஆராய ஒரு கூடம் அமைந்தது. ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரரின் ஏற்பாட்டில் 1979 முதல் இரண்டு இளைஞர்கள் அங்கே சென்று, விரல் வித்தையால் கரண்டியை வளைத்தனர். ஆய்வாளர்கள் பல காலம் நம்பினர். "இது வித்தையா?" என்று நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவ்விளைஞர்கள் முன்பே உறுதி பூண்டிருந்தனர். கேட்பாரில்லை. 1983இல் ராண்டியே வெளியிட்டார். அணுவும் அமிலமும் ஆய்வாளரிடம் பொய் சொல்வதில்லை, மனிதன் சொல்வான். ஆகவே பட்டம் காவல் அன்று, கேள்வியே காவல்.

அக்கேள்வியை நம் பக்கத்திலும் துணிந்து கேட்டவர்கள் உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963ஆம் ஆண்டில் ஓர் அறைகூவல் விடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணத்தாளின் எண்ணைப் படித்துக் காட்டுவது போன்ற செயலை, ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அத்தொகையைப் பெறவில்லை. கோவை அருகே போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பிரேமானந்த், ஊர் ஊராகச் சென்று "அற்புதங்களை"ச் செய்து காட்டி, செய்முறையையும் உடனே சொல்லிக் கொடுத்தார். மராட்டியத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்கு உழைத்த மருத்துவர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்டு 20 அன்று, புனே நகரில் காலை நடை சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நெடுங்காலம் கேட்டுவந்த சட்டம் அந்த ஆண்டிலேயே பிறந்தது; அவர்தான் இல்லை. "மறு கை எங்கே?" என்று கேட்பது விளையாட்டன்று என்பதற்கு அவர் சிந்திய குருதியே சான்று.

இன்று சந்தைத் திடல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. "காவல் அதிகாரி பேசுகிறேன், உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்கிறோம்" என்று திரையில் தோன்றி, முதியோரின் சேமிப்பைச் சுருட்டும் கூட்டத்தை 2024ஆம் ஆண்டில் நாடே கண்டது. அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை. ஆனால் சீருடையும் முத்திரையும் மிரட்டலும் கண்ணை ஒரு பக்கம் இழுக்க, மறு கை வங்கிக் கணக்கில் நுழைந்துவிடுகிறது. அச்சமும் ஆசையும் அவசரமும் வித்தைக்காரனின் பழைய பணியாட்கள். இவர்களுள் எவர் வந்து நம் தோளைத் தட்டினாலும், நாம் பார்க்க வேண்டிய இடம் வேறெங்கோ இருக்கிறது என்பது பொருள்.

இளைஞர்களே! நூறு மேடைப் பேச்சைவிட ஒரு காசு வித்தை நன்றாகக் கற்பிக்கும். ஆளுக்கு ஒன்றேனும் பழகுங்கள். தெருவில், திண்ணையில், பள்ளி வளாகத்தில் செய்து காட்டுங்கள். வியந்தவரைப் பார்த்து நகைக்காதீர்கள். வியப்பு குற்றமன்று, நம் எல்லாருடைய மூளையும் ஒரே மண்ணால் ஆனது. வியப்பு அடங்குமுன், "இது வித்தை" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மறுப்பவர் யாராயினும், காவி உடுத்தியவராயினும், கழுத்துப்பட்டை கட்டியவராயினும், நம்மோடு ஒரே மேடையில் நிற்பவராயினும், அவர் முன்னால் நின்று அமைதியாகக் கேளுங்கள், "மறு கை எங்கே?" என்று. கேட்டபின், அவரை நம்பி வந்தவர் எந்தத் துன்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்றும் கேளுங்கள். முன்னதற்கு விடை கிடைத்தால் பொய் வெளிப்படும். பின்னதற்கு விடை தேடி அவரோடு முதல் பேருந்தில் ஏறினால்தான் பகுத்தறிவு பயன்படும்.